டிஷ் சிறுவர் உயிரியல் பூங்கா, சென்ட்ரல் பார்க்: கதைக் கட்டடங்கள் போய் ஆடுகள் வந்த இடம்

நியூயார்க்கின் மன்ஹாட்டனில், சென்ட்ரல் பார்க்கின் கிழக்கு ஓரமாக, ஐந்தாவது அவென்யூவை ஒட்டி அமைந்திருக்கும் உயிரியல் பூங்காவுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. கடற்சிங்கக் குளத்தை நடுவில் வைத்து, பெங்குவின், பனிச்சிறுத்தை, மழைக்காட்டுப் பறவைகள் ஆகியவற்றின் இருப்பிடங்களைச் சுற்றிலும் அமைத்திருக்கும் முதன்மை வளாகம் ஒன்று. அதைவிட்டு வெளியே வந்து, டெலகோர்ட் கடிகாரம் என்ற இசைக் கடிகாரம் நிற்கும் வளைவைக் கடந்து வடக்கே சிறிது நடந்தால் வரும் டிஷ் சிறுவர் உயிரியல் பூங்கா மற்றொன்று. ஊரிலிருந்து வந்த பெற்றோரையும் உறவினரையும் நியூ ஜெர்சியிலிருந்து மன்ஹாட்டன் சுற்றிக்காட்ட அழைத்துவரும் நம்மவர்கள் பலர் முதல் வளாகத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை உடன் வந்தால், இரண்டாவது பகுதிக்கே முதலில் போக வேண்டும் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் 1997-இல் நிறைவடைந்த மறுவடிவமைப்புதான்.

அதற்கு முன்பு இந்த இடம் முற்றிலும் வேறு மாதிரி இருந்தது. நியூயார்க் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஹெர்பர்ட் லேமனும் அவருடைய மனைவி ஈடித்தும், தங்கள் திருமணத்தின் ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டு நகரத்துக்கு வழங்கிய 5 லட்சம் டாலரைக் கொண்டு, 1961-இல் லேமன் சிறுவர் உயிரியல் பூங்கா என்ற பெயரில் இது திறக்கப்பட்டது. கதைகளில் வரும் இடங்களையே கட்டடங்களாக எழுப்பியிருந்தார்கள்: விவிலியத்தின் வெள்ளக் கதையில் விலங்குகளை ஏற்றிக் காப்பாற்றும் நோவாவின் பேழை என்ற பெரும் படகு ஒன்று, யோனாவை விழுங்கியதாக விவிலியம் சொல்லும் திமிங்கிலம் ஒன்று, ஒரு கோட்டை, இஞ்சி ரொட்டியால் ஆனதுபோல் ஒரு வீடு. அவற்றின் உள்ளும் புறமுமாகச் சிறு விலங்குகள் வைக்கப்பட்டிருந்தன. பெரியவர் எவரும் பிள்ளையின் துணையில்லாமல் உள்ளே வர முடியாது என்று ஒரு விதியும் அப்போது இருந்தது. அந்த ஒரு விதியை மட்டுமாவது இன்றைக்கும் எல்லாச் சிறுவர் பூங்காக்களிலும் கொண்டுவரலாம் என்று, விடுமுறை நாள்களில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி பிள்ளைகளின் முன்னால் வந்து நிற்கும் பெரியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

பழைய படங்களைப் பார்த்தால் அந்தக் கட்டடங்களின் கவர்ச்சி விளங்குகிறது. திமிங்கிலத்தின் திறந்த வாய்க்குள் நுழைந்து பார்க்கும் வாய்ப்பை எந்தப் பிள்ளைதான் வேண்டாம் என்று சொல்லும்? ஆனால் அதே படங்கள் அந்த வடிவமைப்பின் பலவீனத்தையும் காட்டிக்கொடுக்கின்றன. அங்கே விலங்கு, கதைக்குத் துணைப்பொருளாகிவிட்டது. பேழைதான் கண்ணை நிறைக்கிறது. அதன் அருகில் நிற்கும் ஆடு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கதை தெரியாத பிள்ளைக்கு அதைச் சொல்லி விளக்கப் பக்கத்தில் ஒரு பெரியவர் வேண்டும். கதை தெரிந்த பிள்ளையோ ஆட்டைப் பார்ப்பதற்குள் அடுத்த கதைக்கு ஓடிவிடும்.

முதன்மை வளாகத்தின் நிர்வாகத்தை நியூயார்க் விலங்கியல் சங்கம் 1980-இல் நகரத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியாக ஏற்றுக்கொண்டது. பிராங்ஸ் உயிரியல் பூங்காவை நடத்துவதும் அதே அமைப்புதான். இன்று அதன் பெயர் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம். பழைய கூண்டுகளை இடித்துக் கட்டிய முதன்மை வளாகம் 1988-இல் திறக்கப்பட்டது. சிறுவர் பகுதியின் முறை வருவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1990-களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டுவிட்டது. புதுப்பிப்பதற்காக எவரெட் தம்பதியர் 30 லட்சம் டாலர் தருவதாக முன்வந்தார்கள். ஆனால் அவர்களுடைய பெயரைத் தாங்கும் பலகையின் அளவு குறித்து நகரத்தின் கலை ஆணையத்தோடு பிணக்கு ஏற்பட்டு, கொடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கோயில் குழல்விளக்கில் வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. அதன் பிறகு டிஷ் குடும்பத்தினர் 45 லட்சம் டாலர் கொடுத்ததால், 1997-இல் திறக்கப்பட்ட புதிய பூங்கா அவர்கள் பெயரைப் பெற்றது.

பழையதில் எஞ்சியிருப்பவற்றுள் சிறந்தது நுழைவாயிலில் இருக்கிறது. ராக்கஃபெல்லர் மையத்தின் பொன்னிறப் புரொமீதியஸ் சிலையைச் செய்த பால் மேன்ஷிப் 1961-இல் வார்த்த வெண்கல வாயில் அது. நடுவில் ஆடுகளோடு கூத்தாடும் சிறுவன். இரண்டு பக்கமும் குழலூதும் சிறுவர்கள். பூங்காவின் பெயர் மாறிய பின்னும் இதற்கு லேமன் வாயில் என்ற பெயர் மாறவில்லை. அவசரமாக உள்ளே நுழையாமல் இதன் முன் சற்று நின்று பாருங்கள். பேழையும் கோட்டையும் நீக்கப்பட்ட பிறகும், ஆட்டையும் பிள்ளையையும் சேர்த்துக் காட்டிய இந்த வாயிலை வைத்துக்கொண்டது, மறுவடிவமைத்தவர்கள் எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தார்கள் என்பதையே காட்டுகிறது. திமிங்கிலத்தின் கதை வேறு. அது குவீன்ஸின் ராக்கவே கடற்கரைப் பகுதிக்குக் குடிபெயர்ந்து, வேல்மினா என்று அங்குள்ளவர்கள் வைத்த செல்லப்பெயரோடு பல ஆண்டுகள் இருந்தது. 2012-இல் சாண்டி புயல் வந்தபோது அழிந்துபோனது.

உள்ளே நுழைந்தால் இன்று காண்பது பெரும்பாலும் வளர்ப்பு விலங்குகள்: ஆடுகள், செம்மறிகள், அல்பாக்கா, தொந்தி பெருத்த பன்றி, திமில் உள்ள குட்டை மாடு. பெரிய நகரத்தின் உயிரியல் பூங்காவுக்குப் பணம் கொடுத்துவிட்டு ஆடு மாடு பார்ப்பதா என்று நம் ஊர்ப் பெரியவர்களுக்கு முதலில் தோன்றலாம். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் தாயாருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மன்ஹாட்டனின் அடுக்ககங்களில் வளரும் பிள்ளைக்கு உயிருள்ள ஆடு, பனிச்சிறுத்தையைவிட அரிதான ஒன்று. பனிச்சிறுத்தையைக் கண்ணாடிக்கு அப்பால் தொலைவில்தான் பார்க்க முடியும், ஆட்டின் மூச்சுக்காற்றோ கையில் படும். இந்த எளிய உண்மையை நடுவில் வைத்தே முழு இடத்தையும் வடிவமைத்திருக்கிறார்கள்.

தீனி ஊட்டும் ஏற்பாட்டில் அது நன்றாகப் புலப்படுகிறது. வேலிக்கு அருகே நிற்கும் இயந்திரத்தில் சில்லறை நாணயத்தைப் போட்டுத் திருகினால், ஒரு கைப்பிடி தீவன உருண்டைகள் விழும். உள்ளங்கையை விரித்து வேலி ஓரம் நீட்ட வேண்டியதுதான். ஆட்டுக்கு மேல்தாடையின் முன்புறத்தில் பல் கிடையாது, தடித்த ஈறு மட்டும்தான். உதடுகளைக் குவித்து, உருண்டைகளை ஒவ்வொன்றாக அது பொறுக்கி எடுக்கும்போது ஈரமும் சொரசொரப்புமாக ஒரு கூச்சம் கையில் பரவும். என் நான்கு வயது மகள் முதல் முறை கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டதில் உருண்டைகள் எல்லாம் தரையில் சிதறின. இரண்டாவது முறை என் தாயார் அவளுடைய புறங்கையைத் தன் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "விரலை மடக்காத கண்ணு, தட்டு மாதிரி வை" என்றார். மூன்றாவது முறைக்கு எவருடைய கையும் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகு அவளுடைய கேள்விகள் தொடங்கின. ஆட்டின் கண்ணில் பாவை ஏன் வட்டமாக இல்லாமல் படுத்த கோடுபோல் இருக்கிறது என்பது அவற்றுள் ஒன்று. தலையைத் திருப்பாமலே பக்கவாட்டில் நெடுந்தூரம் பார்த்து, வேட்டை விலங்கு வருவதை அறிந்துகொள்வதற்கான அமைப்பு அது என்று சொன்னேன். இந்தக் கேள்வியை எந்தக் கதைக் கட்டடமும் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வரவழைத்திருக்காது.

இந்த இடத்தில் ஒரு நுட்பத்தைக் குறிப்பிட வேண்டும். தீனி கொடுப்பது வேலி ஓரத்தில் மட்டுமே. ஆட்டுக்கு வேண்டுமானால் வேலி அருகே வரும். போதும் என்றால் பின்வாங்கித் தன் கொட்டிலை நோக்கிப் போய்விடும். பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு போக முடியாது. நியூ ஜெர்சியில் வேறொரு பண்ணையில், பிள்ளைகளைத் தொழுவத்துக்குள்ளேயே விட்டுவிட்டு, ஒதுங்க இடமில்லாத ஆட்டுக்குட்டிகளை மூலையில் நெருக்கிப் பிடித்துக் கொஞ்ச விடுவதைப் பார்த்திருக்கிறேன். கொஞ்சுகிறவர்களுக்கு அது மகிழ்ச்சியாக இருந்தது. குட்டிகளின் விலா அடித்துக்கொண்ட வேகத்தைப் பார்த்தவர்களுக்கு அப்படி இருந்திருக்காது. விலகிப்போகும் உரிமையை விலங்குக்குக் கொடுத்துவிட்டு, அது தானாக வரும் வரை காத்திருக்கப் பிள்ளையைப் பழக்குவது டிஷ் பூங்காவின் மிகப் பெரிய வலிமை என்று நான் கருதுகிறேன்.

திமில் மாட்டின் முன்னால்தான் என் தாயார் அதிக நேரம் நின்றார். இந்த இனத்தின் மூதாதையர் ஏறத்தாழ எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளியை ஒட்டிய நிலப்பகுதியில் பழக்கப்படுத்தப்பட்டவை. ஐரோப்பிய மாடுகளின் வழி தனி, இவற்றின் வழி தனி. நம் ஊர் நாட்டு மாடுகள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். பிரேசிலில் இன்று பெருந்திரளாக வளர்க்கப்படும் நெல்லூர் மாடுகூட ஆந்திரக் கரையிலிருந்து போன ஓங்கோல் மாட்டின் வாரிசு. தாயார் அதன் திமிலைப் பார்க்கவில்லை, குளம்பைப் பார்த்தார். "லாடம் அடிச்ச தடமே இல்லையே. ஒரு நாளும் வண்டியில பூட்டாத மாடு" என்றார். மகள் லாடம் என்றால் என்ன என்று ஆச்சியைக் கேட்க, அவர் மாட்டைக் கயிற்றால் சாய்த்துக் காலைக் கட்டி ஆணி அறையும் முறையைத் தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற வேற்றுமொழிக் குடும்பம் ஒன்றும் பொருள் புரியாமலே அந்தக் கைச்சைகைகளைக் கவனித்துக்கொண்டிருந்தது.

இந்தப் பூங்காவில் நான் காணும் முதன்மையான குறையும் இங்கேதான் வருகிறது. வளர்ப்பு விலங்கு என்பது மனிதனோடு சேர்ந்து உழைத்த விலங்கு. பாலும் கம்பளியும் உரமும் உழவும் அந்த உறவின் உள்ளடக்கம். டிஷ் பூங்காவின் வடிவமைப்பு பிள்ளையையும் விலங்கையும் வெற்றிகரமாகச் சந்திக்க வைக்கிறது. ஆனால் அந்த விலங்கு மனிதரோடு ஏன் வாழ வந்தது என்பதை அது தன் மையப் பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. அல்பாக்காவின் கம்பளி எப்படி நூலாகிறது என்பதை ஐந்து வயதுப் பிள்ளையும் கையால் தொட்டே புரிந்துகொள்ள முடியும். ஆடு, மாடு வைத்து வாழ்ந்த பாட்டியோ தாத்தாவோ உடன் வராத பிள்ளைக்கு இந்தப் பகுதி விடுபட்டே போகிறது.

நடுவில் வலைக்கூரைக்கு அடியில் அமைந்திருக்கும் தோட்டப்பகுதி வேறொரு மனநிலையில் உருவாக்கப்பட்டது. மரங்களும் நீரும் உள்ள அந்தச் சோலையில் பறவைகள் கூண்டில்லாமல் திரிகின்றன, ஆமைகள் வெயில் காய்கின்றன. ஓக் மரத்தின் கொட்டை, அல்லியிலை, பூ ஆகியவை பிள்ளையைவிடப் பெரிதாகச் செய்துவைக்கப்பட்டிருப்பதால், உள்ளே போகிற பிள்ளை தன்னைப் பூச்சி அளவுக்கோ தவளை அளவுக்கோ சுருங்கிவிட்டதாக எண்ணிக்கொள்ள முடிகிறது. இங்கும் ஒரு கற்பனை உண்டு. ஆனால் அது புத்தகத்திலிருந்து எடுத்த கற்பனை இல்லை, விலங்கின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும் கற்பனை.

இந்த எண்ணம் 1997-இல் புதிதாக முளைத்ததும் இல்லை. இந்தப் பூங்காவை நடத்தும் அதே சங்கம் 1981-இல் பிராங்ஸ் பூங்காவின் சிறுவர் பகுதியைப் புதிதாக அமைத்தபோது, கயிற்றால் ஆன சிலந்தி வலையில் ஏறுவது, புல்வெளி நாய் எனப்படும் கொறிவிலங்கின் வளை போன்ற சுரங்கத்தில் தவழ்ந்து தலையை வெளியே நீட்டுவது, ஆமை ஓட்டுக்குள் புகுந்து பார்ப்பது என்று, விலங்கு செய்வதைப் பிள்ளையும் செய்து பார்க்கும் முறையைக் கையாண்டது. சென்ட்ரல் பார்க்கில் இடம் மிகக் குறைவு. உயிரியல் பூங்கா முழுவதுமே ஏறத்தாழ ஆறரை ஏக்கர்தான். ஆகவே பிராங்ஸில் விரிவாகச் செய்ததை இங்கே சுருக்கித் தந்திருக்கிறார்கள். சுருக்கம் சில இடங்களில் நன்மையாக முடிந்திருக்கிறது. தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வருபவர், மற்றொரு பிள்ளை எங்கே ஓடினாலும் கண்ணெட்டும் தூரத்திலேயே இருப்பதை உணரலாம்.

அண்மைக் காலத்தில் இதே வேலையைப் பெருஞ்செலவில் செய்த பூங்கா கலிபோர்னியாவின் சான் டியாகோவில் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுச் சிறுவர் பகுதியை அகற்றிவிட்டு, 3.2 ஏக்கரில் 8 கோடியே 80 லட்சம் டாலர் செலவில் அவர்கள் அமைத்த புதிய பகுதி 2022 மார்ச்சில் திறக்கப்பட்டது. மழைக்காடு, வனம், சதுப்புநிலம், பாலைவனம் என்று நான்கு பிரிவுகள், இலை வெட்டும் எறும்புகளுக்கும் தேனீக்களுக்கும் தனிக் கட்டடம், மர வீடு, நீர் விளையாட்டு, மின்னணு விளையாட்டு என்று அதில் இல்லாதது இல்லை. பூச்சிகளுக்கு இவ்வளவு பெரிய இடம் கொடுத்தது பாராட்டத்தக்கது. டிஷ் பூங்காவில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் எந்நேரமும் திரையின் முன்னால் இருக்கும் பிள்ளையை உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போய் அங்கேயும் திரையின் முன்னால் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கால் நூற்றாண்டைத் தாண்டிய டிஷ் பூங்கா இன்றைக்கும் பழசாகத் தெரியாமல் இருப்பதற்கு, அதில் பழுதாகிப் பழசாகும் கருவிகள் குறைவு என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

கை கழுவுவதைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆடு, மாடு, செம்மறி ஆகியவை நலமாகத் தோன்றும்போதே அவற்றின் சாணத்தில் ஈ. கோலை ஓ157 என்ற பாக்டீரியா இருக்கக்கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது சிறுநீரகம் வரை பாதிப்பை உண்டாக்கலாம். விலங்குகளைத் தொட்ட பிறகு சோப்பும் ஓடும் நீருமாகக் கழுவ வேண்டும் என்றும், கைச் சுத்திகரிப்புத் திரவம் அதற்கு ஈடாகாது என்றும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. நம் வீடுகளில் முறுக்கும் பிஸ்கட்டும் பையில் இல்லாமல் புறப்படும் பழக்கம் கிடையாது. அந்தப் பையை விலங்குகள் இருக்கும் பகுதியைத் தாண்டி, கை கழுவிய பிறகே திறப்பது நல்லது. விரல் சப்பும் குழந்தையாக இருந்தால் ஒருவர் அதன் கையையே கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கட்டண முறையில் எனக்கு மனக்குறை உண்டு. சிறுவர் பகுதிக்கு மட்டும் தனிச்சீட்டு வாங்க முடியாது. உயிரியல் பூங்காவின் சீட்டிலேயே இதுவும் அடங்கும். இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஆட்டுக்குத் தீனி கொடுப்பதற்காக மட்டும் முழுப் பூங்காவுக்கான சீட்டு வாங்குவது மிகை என்றே சொல்வேன். முதன்மை வளாகத்தையும் அதே நாளில் பார்ப்பதென்றால் கணக்கு சரியாக வரும். அடிக்கடி வரக்கூடிய தொலைவில் வசிப்பவர்கள், பிராங்ஸ் பூங்காவுக்கும் செல்லுபடியாகும் ஆண்டு உறுப்பினர் திட்டத்தை விசாரித்துப் பார்க்கலாம். சீட்டைத் தொலைத்துவிட வேண்டாம். முதன்மை வளாகத்தை விட்டு வெளியே வந்த பிறகு, சிறுவர் பகுதியின் வாயிலில் அதை மறுபடியும் கேட்பார்கள்.

நேரத்தைத் திட்டமிடுவதாக இருந்தால், காலையில் திறந்தவுடன் நேரே சிறுவர் பகுதிக்குப் போவதே சரி. ஆடுகளுக்கு அப்போது பசி இருக்கும். பிற்பகலில் நூறு கைகளிலிருந்து தின்று முடித்த ஆடு, நீட்டிய கையை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுவதுண்டு, அதைப் பிள்ளைக்கு விளக்கிச் சொல்வது எளிதல்ல. அங்கிருந்து திரும்பும்போது டெலகோர்ட் கடிகாரத்தின் அடியில் மணிக்கும் அரைமணிக்கும் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 1965-இல் நிறுவப்பட்ட அந்தக் கடிகாரத்தில் வயலின் வாசிக்கும் நீர்யானை, கஞ்சிரா போன்ற ஒன்றைத் தட்டும் கரடி, துருத்தி வாத்தியம் வைத்திருக்கும் யானை உள்ளிட்ட வெண்கல விலங்குகள் பாட்டுக்கு ஏற்பச் சுற்றிவரும். நியூ ஜெர்சியிலிருந்து ரயிலில் வருபவர்கள் பென் ஸ்டேஷனில் இறங்கி, அருகிலுள்ள ஹெரால்ட் சதுக்கத்திலிருந்து என், ஆர், டபிள்யூ சுரங்க ரயில்களில் ஒன்றைப் பிடித்து, ஐந்தாவது அவென்யூ 59-ஆம் தெரு நிறுத்தத்தில் இறங்கினால் சிறிது தொலைவே நடக்க வேண்டியிருக்கும்.

எட்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு நான் இந்த இடத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அடுத்தது என்ன என்று கேட்பார்கள். அவர்களை பிராங்ஸுக்கு அழைத்துப் போவது மேல். இரண்டு முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கும், ஒரு காலத்தில் ஆடு மாடு வைத்திருந்து இப்போது மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கும், மன்ஹாட்டனில் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.